சோப்பு நுரைக்கவில்லை, கால் மட்டும் எரிந்தது!

கேள்வி: பாலக்கோடு பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருக்கிறேன். நாள் பூராவும் நின்றே பாடம் எடுப்பதால் ராத்திரி கால் கடுத்துத் தூக்கம் வராமல் புரள்கிறேன். ஒரு வீடியோவில் பார்த்தபடி குளியல் சோப்பைத் துருவி வெந்நீரில் கரைத்து, தேனும் முட்டை வெள்ளைக்கருவும் கலந்து பிளாஸ்டிக் டப்பில் ஊற்றி, மேலே லாவெண்டர் ஆயில் பத்துப் பதினைந்து சொட்டு விட்டுக் காலை வைத்தேன். நுரையே வரவில்லை. வெள்ளை வெள்ளையாக ஏதோ மிதந்தது, கணுக்கால் வேறு எரிந்து சிவந்துவிட்டது. வீட்டில் பாத் டப் கிடையாது, போர் தண்ணீர்தான். ஐந்து வயது மகளும் நுரைக் குளியல் கேட்டு அடம்பிடிக்கிறாள். சரியாகச் செய்வது எப்படி? நன்றாக வந்தால் சக டீச்சர்களுக்குச் செய்து விற்கலாமா?
– ஒரு வாசகி, பாலக்கோடு

பதில்: டீச்சர், உங்கள் கைப்பக்குவத்தில் ஒரு குறையும் இல்லை. அந்த வீடியோ எடுத்தவர் வீட்டுக் குழாயில் நல்ல தண்ணீர் வந்திருக்கும், உங்கள் வீட்டில் வருவது உப்புத் தண்ணீர். அவ்வளவுதான் விஷயம். நம் தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் தண்ணீரில் எது கோளாறு என்றாலும் உடனே ஃப்ளோரைடு தலையில் பழியைப் போட்டுவிடுவோம், பல்லுக்கும் எலும்புக்கும் அது செய்த கெடுதல் அப்படி. ஆனால் நுரையைக் கெடுத்தது அது இல்லை. பாறைக்குள்ளிருந்து ஊறி வரும் போர் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் கரைந்திருக்கின்றன. சோப்பு அவற்றோடு சேர்ந்ததும் தண்ணீரில் கரையாத ஒரு கசடாக மாறிவிடும். திரிந்த பால் மாதிரி டப்பின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, விரலால் வழித்தால் பிசுபிசுவென்று வந்திருக்குமே, அதுதான். இன்னும் கொஞ்சம் சோப்பு துருவிப் போட்டிருந்தாலும் அதில் நல்ல பங்கு அந்தக் கசடுக்குத்தான் போயிருக்கும்.

நம்பிக்கை இல்லையென்றால் ரெண்டு பாட்டிலில் ஒன்றில் போர் தண்ணீர், இன்னொன்றில் பிடித்து வைத்த மழைத் தண்ணீர் பாதிப் பாதி ஊற்றி, ஒரே அளவு சோப்புச் சீவல் போட்டுக் குலுக்கிப் பாருங்கள். வகுப்பில் பிள்ளைகளுக்கும் காட்டலாம்.

அதனால் நுரைக் குளியலுக்குக் கட்டி சோப்பை விட்டுவிடுங்கள். வாசனை இல்லாத, இருந்தாலும் மிக லேசாக இருக்கிற பேபி ஷாம்பூ அல்லது பாடி வாஷ் வாங்குங்கள். அவற்றில் நுரைக்காகச் சேர்க்கிற பொருள் சோப்பு இல்லை, வேறு வகை. உப்புத் தண்ணீரிலும் கசடு கட்டாமல் நுரைக்கும். மெடிக்கல் ஷாப்பில் கிளிசரின் கிடைக்கும், அதையும் ஒரு சின்ன பாட்டில் வாங்கிக்கொள்ளுங்கள். 150 மில்லி ஷாம்பூவுக்கு ரெண்டு மேஜைக்கரண்டி கிளிசரின். நுரைக் குமிழின் மெல்லிய தோல் சீக்கிரம் காய்ந்து வெடிக்காமல் கொஞ்ச நேரம் பிடித்து வைப்பது அதுதான். தேன் வேண்டாம், அங்கே அதற்கு வேலையில்லை. முட்டை வேண்டவே வேண்டாம், கவிச்சி வாடையில் எங்கிருந்து தூக்கம் வரும்!

இப்போது எரிச்சலுக்கு வருவோம். ஒகேனக்கல்லில் ஆற்றோரம் உட்கார வைத்து எண்ணெய் தேய்த்துவிடுவார்கள் இல்லையா, அது உடம்பு முழுக்கத் தேய்த்தாலும் தாங்குகிற எண்ணெய். லாவெண்டர் ஆயிலை அந்தக் கணக்கில் எடுக்கக் கூடாது. பூவின் வாசத்தை மட்டும் வடித்து இறக்கிய சரக்கு அது, ரொம்பக் காரம். தண்ணீரில் கரையாது, மேலே மிதக்கும். நீங்கள் காலை உள்ளே விட்டதும் மிதந்த சொட்டுகள் அப்படியே கணுக்காலைச் சுற்றி ஒட்டிக்கொண்டன. சிவந்தது அதனால்தான் இருக்கும். ஆகவே எந்த வாசனை ஆயிலையும் நேராகத் தண்ணீரில் விடாதீர்கள். முதலில் ஷாம்பூ–கிளிசரின் கலவையில் விட்டு, கரண்டியால் மெதுவாகக் கலக்கி ஒரு ராத்திரி வைத்துவிடுங்கள். மேலே சொன்ன அளவுக்கு 15 சொட்டு போதும். வாசம் பத்தவில்லையே என்று தோன்றும், தோன்றட்டும். கலவையில் தண்ணீர் ஊற்றி நீர்க்க வைக்காதீர்கள், ஊற்றினால் சீக்கிரம் கெட்டுப்போகும்.

வாங்கும்போதும் பார்த்து வாங்குங்கள். ஊதுபத்தி, மெழுகுவர்த்திக்குப் போடுகிற சென்ட் ஆயிலும் லாவெண்டர் பெயரில்தான் வருகிறது, அதைத் தோலில் போடக் கூடாது. லேபிளில் லாவண்டுலா அங்கஸ்டிஃபோலியா என்ற செடியின் பெயர் இருக்க வேண்டும், பாட்டில் கருங்கண்ணாடியாக இருக்க வேண்டும். அதே மாதிரி, பக்கத்திலேயே ஓசூர் ரோஜா இருக்கிறதே என்று கடைப் பூவின் இதழை உதிர்த்துப் போடவும் எனக்கு மனசில்லை, விற்பனைக்கு வளர்க்கிற ரோஜாவுக்கு மருந்து அடிக்காமல் இருப்பது அபூர்வம்.

பாத் டப் இல்லை என்று கவலையே படாதீர்கள். முழு டப் நிரப்ப 150 லிட்டருக்கு மேல் போகும், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்த பிறகும் குடத்தை வரிசையில் வைக்கிற ஊரில் அது தேவையா? கால் கடுப்புக்குக் கணுக்கால் மூழ்குகிற அளவு தண்ணீர் போதும், எட்டுப் பத்து லிட்டரில் முடிந்துவிடும். காலி டப்பில் ஒரு மேஜைக்கரண்டி கலவையை முதலில் ஊற்றி, அப்புறம் சொம்பைத் தூக்கிப் பிடித்து உயரத்திலிருந்து தண்ணீரை ஊற்றுங்கள். நுரை எழும்புவது அந்த வேகத்தில்தான். சூடு 40 டிகிரி இருந்தால் நல்லது, அதாவது முழங்கையை விட்டால் இதமாக இருக்க வேண்டும், சுடக் கூடாது. வீட்டில் சர்க்கரை நோயால் கால் மரத்துப்போன பெரியவர்கள் யாரும் இதை ஆசைப்பட்டால் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம், சூடு அவர்களுக்குத் தெரியாது.

படுக்கப் போகிற நேரத்தில் இல்லாமல் ஒரு மணி நேரம் முன்னாடி பத்துப் பதினைந்து நிமிஷம் வையுங்கள். காலில் சூடு ஏறினால் ரத்தக் குழாய் விரிந்து, உள்ளே இருக்கிற சூடு வெளியேறி உடம்பு மெல்லத் தணியும், தூக்கத்துக்கு அது தோது. என்னைக் கேட்டால் பாதிக்கு மேல் வேலை செய்வது வெந்நீர்தான், லாவெண்டர் அதற்குத் துணைக்குத்தான் வருகிறது. முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, கொஞ்சம் தேங்காய் எண்ணெய். அந்தத் தண்ணீரைத் துளசிக்கு ஊற்றாதீர்கள், கக்கூஸில் ஊற்றிவிடலாம். டைல்ஸ் தரையில் சிந்தினால் உடனே துடையுங்கள், பயங்கரமாக வழுக்கும்.

ஷாம்பூவே வேண்டாம் என்றால் நாட்டு மருந்துக் கடையில் பூந்திக்கொட்டை வாங்கி, எட்டுப் பத்தை ராத்திரி ஊறவைத்துக் காலையில் கொதிக்கவிட்டுப் பிசைந்து வடிகட்டுங்கள். உப்புத் தண்ணீரிலும் நுரைக்கும், நுரை மட்டும் அவ்வளவு உயரம் நிற்காது. கண்ணில் பட்டால் தீயாக எரியும். வெளியில் வைத்தால் ரெண்டு மூன்று நாளில் புளித்துவிடும்.

பாப்பா விஷயத்தில் நான் கண்டிப்பு. நுரைத் தண்ணீரில் ரொம்ப நேரம் உட்காரும் சின்னப் பெண் குழந்தைகளுக்குச் சிறுநீர் போகிற இடத்தில் எரிச்சலும் அரிப்பும் வரலாம். பக்கெட்டில் வெறும் பேபி ஷாம்பூ நுரை போட்டுக் கையால் அளையவிடுங்கள், ஆசை தீர்ந்துவிடும். வாசனை ஆயில் எதுவும் அவளுக்கு வேண்டாம். முக்கியமாக நீலகிரித் தைலமும் கற்பூரமும் கைக்கு எட்டாத அலமாரியில் இருக்கட்டும், கொஞ்சம் விழுங்கினாலே குழந்தைகளுக்கு வலிப்பு வரலாம்.

கணுக்கால் சிவப்பு முழுசாக அடங்கும் வரை எதையும் தொடாதீர்கள், கொப்புளம் வந்தால் தோல் டாக்டரிடம் காட்டுங்கள். அடங்கிய பிறகு புதுக் கலவையில் ஒரு சொட்டைத் தண்ணீரில் கரைத்து முழங்கை மடிப்பில் தடவி ஒரு நாள் பார்த்துவிட்டுக் காலை வையுங்கள்.

விற்பது பற்றிக் கேட்டீர்கள். சக டீச்சருக்கு ஒரு பாட்டில் சும்மா கொடுங்கள், என்னென்ன போட்டீர்கள் என்று ஒரு சீட்டில் எழுதி ஒட்டிக் கொடுங்கள். காசு வாங்க ஆரம்பித்தால் அது அழகுசாதனப் பொருள் தயாரிப்பு, அதற்கு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உரிமம் வேண்டும்.