ஐ20 என் லைனா, ஹோண்டா சிட்டியா? பின்சீட்டில் உட்காருகிறவர்களைக் கேட்டீர்களா?

நீங்கள் கேட்டிருப்பதன் சாரம் இது. கோவையில் வேலை, வயது 34, இரண்டு வயதில் ஒரு மகள், பெற்றோர் உடுமலைப்பேட்டையில். அலுவலகம் வீட்டிலிருந்து ஒன்பது கிலோமீட்டர். மாதம் இரண்டு முறை ஊருக்குப் போய் அப்பா அம்மாவையும் ஏற்றிக்கொண்டு கோயில், கல்யாணம், மருத்துவமனை என்று சுற்ற வேண்டியிருக்கிறது. உங்கள் மனம் ஹூண்டாய் ஐ20 என் லைனில் (N Line; ஐ20 ஹேட்ச்பேக்கின் ஸ்போர்ட்டி வடிவம்) நிற்கிறது; மனைவியும் அப்பாவும் ஹோண்டா சிட்டி போன்ற, டிக்கி தனியாகப் பின்னால் நீண்டிருக்கும் ஒரு செடான்தான் வேண்டும் என்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?

இந்த வழக்கில் நான் இரண்டு தரப்பிலும் இருந்திருக்கிறேன். 2015-இல், மகன் கைக்குழந்தையாக இருந்தபோதே, வீட்டில் எல்லோரும் வேண்டாம் என்று சொல்லியும் நான்கு மீட்டர் நீளத்துக்கு உட்பட்ட ஒரு டர்போ ஹேட்ச்பேக்கை வாங்கினேன். ஆறு ஆண்டுகள் ஓட்டினேன். 2021-இல் அதை விற்றுவிட்டுச் சாதுவான ஒரு செடானுக்கு மாறினேன். இரண்டின் பெயரும் இங்கே தேவையில்லை. நான் சொல்லப்போகும் குறைகள் வண்டியைத் தயாரித்தவர்களின் குறைகள் அல்ல, தேர்ந்தெடுத்தவனின் குறைகள்.

முதலில் ஒரு மயக்கத்தைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். ஸ்போர்ட்டியான வண்டி என்றால் சக்தி கூடுதலான வண்டி என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். நீங்கள் குறிப்பிட்ட இரண்டு வண்டிகளின் விவரத் தாள்களை அருகருகே வைத்துப் பாருங்கள். ஐ20 என் லைனின் 998 சிசி டர்போ என்ஜின் தருவது 120 பி.எஸ். (குதிரைத்திறன்); சிட்டியின் 1498 சிசி பெட்ரோல் என்ஜின் தருவது 121 பி.எஸ். வித்தியாசம் ஒரே ஒரு குதிரை, அதுவும் செடானின் பக்கம். ஆனால் ஓட்டிப் பார்க்கும்போது ஐ20 துள்ளுவதும் சிட்டி நிதானமாக நகர்வதும் உண்மைதான். காரணம் டார்க், அதாவது சக்கரத்தைச் சுழற்றும் முறுக்கு விசை. டர்போ என்ஜின் தன் 172 நியூட்டன் மீட்டரை 1500 ஆர்.பி.எம்-மிலேயே (என்ஜின் நிமிடத்துக்குச் சுழலும் எண்ணிக்கை) கொடுத்துவிடுகிறது. சிட்டியின் 145 நியூட்டன் மீட்டர் முழுமையாகக் கிடைக்க 4300 வரை போக வேண்டும். உச்ச சக்தி 6600-இல்தான் வரும். பொள்ளாச்சிச் சாலையில் முன்னால் போகும் பேருந்தைத் தாண்ட வேண்டுமென்றால், முதல் வண்டியில் காலை அழுத்தினால் போதும். இரண்டாவதில் ஒரு கியர் இறக்கி, என்ஜின் சற்று கத்துவதைப் பொறுத்துக்கொண்டு தாண்ட வேண்டும். அப்படிக் கத்தவிட்டு ஓட்டுவதையே சுகமாக நினைக்கும் ஹோண்டா பிரியர்கள் நம் ஊரில் நிறைய உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆக, நீங்கள் ஆசைப்படுவது வேகத்துக்கு அல்ல. நான்குவழி தேசிய நெடுஞ்சாலையில் கார்களுக்கான வேக வரம்பு மணிக்கு 100 கிலோமீட்டர். அதை இரண்டு வண்டியும் வியர்க்காமல் எட்டும். நீங்கள் ஆசைப்படுவது மணிக்கு நாற்பதிலிருந்து எண்பதுக்குள், இரண்டாவது மூன்றாவது கியரில், முதுகைச் சீட்டோடு அழுத்தும் அந்த மூன்று நொடிக்கு. அந்த ஆசையில் தவறே இல்லை, நானும் அதற்குத்தான் வாங்கினேன். ஆனால் அந்த மூன்று நொடி ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பவருக்கு மட்டும்தான் இனிக்கும் என்பதை எனக்குப் புரியவைத்தது வால்பாறைச் சாலை.

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும்போது 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பலகை இருக்கும். என் டர்போ வண்டி அந்தச் சாலைக்கென்றே பிறந்ததுபோல் ஏறியது. சஸ்பென்ஷன் இறுக்கமாக இருந்ததால் வண்டி சாயவே இல்லை. வளைவுக்கு முன் பிரேக், வளைவின் நடுவில் ஆக்சிலேட்டர் என்று நான் எனக்குள் ஒரு பந்தயமே ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒன்பதாவது வளைவில் மனைவி ஏசியை நிறுத்திக் கண்ணாடியை இறக்கச் சொன்னாள். பதினான்காவது வளைவில் அம்மா புளிப்பு மிட்டாய் கேட்டார். இருபத்திரண்டாவது வளைவின் பலகைக்குக் கீழே வண்டியை நிறுத்தி, மகன் வாந்தி எடுத்த துண்டை நான் தண்ணீர் ஊற்றி அலசிக்கொண்டிருந்தேன். ஓட்டுகிறவருக்குப் பெரும்பாலும் தலை சுற்றுவதில்லை, ஏனென்றால் அடுத்த அசைவு என்ன என்பது அவருக்கு முன்கூட்டியே தெரியும்; உடல் தானாகவே தயாராகிவிடும். பின்சீட்டில் இருப்பவர்களுக்கு அது தெரியாது, அவர்களுடைய தலை ஒவ்வொரு திருப்பத்திலும் தாமதமாகவே பின்தொடர்கிறது. நான் ரசித்த அதே வளைவுதான் அவர்களுடைய வயிற்றைப் புரட்டியது. பிறகு செடானில் அதே சாலையில் போனபோது யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதன் பெருமை முழுவதும் செடானைச் சேராது. அதில் ஏறியதிலிருந்து நானும் மெதுவாகத்தான் ஓட்டுகிறேன்.

சமவெளியிலும் இந்தச் சிக்கல் வேறு உருவில் வரும். என் லைனின் சஸ்பென்ஷனைச் சாதாரண ஐ20-ஐவிட இறுக்கமாக அமைத்திருக்கிறார்கள். நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக் கொடுத்திருக்கிறார்கள். அதனால் வண்டி சாலையைக் கவ்விக்கொண்டு போகும். ஆனால் உங்கள் ஊர்ப் பக்கம் கிராமத்துக்கு இரண்டு என்ற கணக்கில், வெள்ளை வண்ணம் பூசாத வேகத்தடைகள் இருக்குமே, அவற்றில் ஒன்றைக் கவனிக்காமல் ஏறிவிட்டால் முன்சீட்டில் இருப்பவருக்கு ஓர் அதிர்வு. பின்சீட்டில் இருப்பவர்களுக்கு அது ஓர் அடி. பின்சீட்டு பின்சக்கரத்துக்கு நெருக்கமாக இருப்பதே காரணம்.

டிக்கியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, எண்களே சொல்லிவிடும்: ஐ20-இல் 311 லிட்டர், சிட்டியில் 506 லிட்டர். ஆனாலும் ஒரு பொங்கல் முடிந்து திரும்பிய நாளை மட்டும் சொல்கிறேன். 25 கிலோ அரிசி மூட்டை ஒன்று, உரித்த தேங்காய் ஒரு சாக்கு, பாதி வாழைத்தார், முறுக்குத் தகரம், மடக்கிய குழந்தை வண்டி, இரண்டு பெட்டிகள். டிக்கியின் மேல்தட்டைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தும் இடம் போதவில்லை. மிச்சத்தைப் பின்சீட்டின் காலடியில் அடுக்கினோம். கிணத்துக்கடவு தாண்டும்போது ஒரு பை அவிழ்ந்து, எலுமிச்சம்பழம் ஒன்று என் சீட்டுக்கு அடியில் உருண்டு வந்து பிரேக் பெடலுக்குப் பின்னால் நின்றது. நல்லவேளையாக அது காலில் தட்டுப்பட்டதால் ஓரங்கட்டி எடுத்துவிட்டேன். வண்டி வாங்கிய அன்று டயருக்கு அடியில் வைத்து நசுக்கிய பழம் நினைவில் இல்லை. இந்தப் பழம் மறக்கவே மறக்காது.

இனி உங்கள் அப்பாவின் தரப்பையும் கொஞ்சம் சோதிக்க வேண்டும். செடான் என்றால் பெரியவர்களுக்கு வசதி என்று அவர் நினைக்கிறார். கால் நீட்டும் இடத்தில் அது உண்மை. ஆனால் செடானின் சீட்டு தாழ்வானது. என் அப்பாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை நடந்த பிறகு, செடானில் ஏறும்போது முதலில் பக்கவாட்டில் உட்கார்ந்து, கதவின் மேல்பிடியைப் பற்றிக்கொண்டு, இரண்டு கால்களையும் கையால் தூக்கி உள்ளே வைக்க வேண்டியிருந்தது. இறங்கும்போது நான் போய்க் கை கொடுத்தால்தான் உண்டு. முட்டிவலிக்குச் செடான் மருந்து இல்லை. உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், இரண்டு வண்டியையும் விட்டுவிட்டுச் சற்று உயரமான சீட்டு உள்ள வண்டியைப் பார்ப்பதே நியாயம். இன்னொன்று: விளம்பரத்தைப் பார்த்துச் செடான் என்றாலே கப்பல்போல் நீளம் என்று எண்ணிவிட வேண்டாம். ஐ20-இன் வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம்) 2580 மி.மீ., சிட்டியின் வீல்பேஸ் 2600 மி.மீ.; இருபது மில்லிமீட்டர்தான் வேறுபாடு. கூடுதல் நீளத்தின் பெரும்பகுதி டிக்கிக்குத்தான் போகிறது. பின்சீட்டில் இடம் கூடுதலாக இருக்கிறதா என்பதை முழங்காலை வைத்து அளந்து பாருங்கள்.

பணக் கணக்கில் உங்கள் ஆசைக்குத்தான் வலு அதிகம். 2025 செப்டம்பர் 22 முதல், நான்கு மீட்டருக்குள் 1200 சிசிக்குள் இருக்கும் பெட்ரோல் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், நீளமோ சிசியோ ஒன்று தாண்டினாலும் 40 சதவீதம். ஐ20 என் லைன் முதல் வகையில் வரும், சிட்டி இரண்டாவதில். தமிழ்நாட்டின் சாலை வரியும் 2023 நவம்பரிலிருந்து ஐந்து லட்சத்துக்கு மேல் பத்து லட்சம் வரை 13 சதவீதம், பத்துக்கு மேல் இருபது வரை 18 சதவீதம். விலை ஒன்பதரை லட்சமாக இருந்தால் சாலை வரி 1,23,500 ரூபாய். பதினான்கு லட்சமாக இருந்தால் 2,52,000 ரூபாய். மூன்றாம் நபர் காப்பீட்டிலும் 1000 சிசிக்குள் ஆண்டுக்கு 2,094 ரூபாய், 1500 சிசி வரை 3,416 ரூபாய் என்று 2022-இல் நிர்ணயித்தார்கள். ஆகவே செடானுக்காக நீங்கள் கொடுக்கும் கூடுதல் பணத்தில் கணிசமான பங்கு வண்டிக்குள் வருவதில்லை, அரசாங்கத்துக்குப் போகிறது. இதை மனைவியிடம் சொல்லிப் பாருங்கள், வாதம் கொஞ்சம் எடுபடும்.

எனக்கு இன்றைக்கு இந்தத் தேர்வு வந்தால் நீங்கள் சொன்ன இரண்டையும் வாங்க மாட்டேன். 2015-இல் எனக்கு எளிதில் அமையாத வழி ஒன்று இப்போது இருக்கிறது: சிறிய டர்போ என்ஜின் வைத்த செடான். ஃபோக்ஸ்வாகன் விர்டஸிலும் ஸ்கோடா ஸ்லாவியாவிலும் 1.0 லிட்டர் டர்போ 115 பி.எஸ்., 178 நியூட்டன் மீட்டர் தருகிறது. டிக்கி 521 லிட்டர். அதாவது ஐ20 என் லைனின் துள்ளலுக்கு மிக அருகில், சிட்டியைவிடப் பெரிய டிக்கியோடு. நான்கு மீட்டரைத் தாண்டுவதால் என்ஜின் 1000 சிசிக்குள் இருந்தும் வரி 40 சதவீதம்தான், அது ஒரு வயிற்றெரிச்சல். ஹூண்டாய் வெர்னாவின் 1.5 டர்போ 160 பி.எஸ்., 253 நியூட்டன் மீட்டர் என்று இன்னொரு படி மேலே போகும்; ஆனால் மகளைப் பின்சீட்டில் வைத்துக்கொண்டு அவ்வளவை எந்தச் சாலையில் பயன்படுத்தப் போகிறீர்கள்? உண்மையிலேயே வேகம்தான் வேண்டுமென்றால், ஃபார்முலா ஒன் ஓட்டுநர் நரேன் கார்த்திகேயனைத் தந்த ஊரில் இருக்கிறீர்கள். செட்டிப்பாளையத்தில் காரி மோட்டார் ஸ்பீட்வே என்ற பந்தயத் தளம் இருக்கிறது. எதிரே டிப்பர் லாரி வராத ஓர் இடத்தில் அந்த ஆசையைத் தீர்த்துக்கொள்ளலாம்.

ஐ20 என் லைனே சரி என்று நான் சொல்லக்கூடிய நிலையும் உண்டு. உடுமலையில் அப்பாவிடம் ஏற்கெனவே ஒரு கார் ஓடிக்கொண்டிருந்து, ஊருக்குள் சுற்ற அதையே எடுப்பீர்கள் என்றால், உங்களுக்குத் தேவையானது இரண்டரைப் பேருக்கான வண்டிதான். தினமும் ஒன்பது கிலோமீட்டர் நெரிசலில் சிறிய வண்டி தரும் நிம்மதியும், வாகனம் நிறுத்த இடம் தேடும்போது மிச்சமாகும் அரை மீட்டரும் சாதாரணமல்ல. பழைய வண்டியை விற்ற நாளில், வாங்கியவர் சாவியைத் திருப்பிய சத்தத்தைக் கேட்டு நான் வீட்டுக்குள் போய்விட்டேன் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. ஆனால் நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அப்படி வேறொரு கார் இருப்பதாகத் தெரியவில்லை.

முடிவெடுப்பதற்கு முன் ஒரு சனிக்கிழமையை இதற்காக ஒதுக்குங்கள். பெற்றோரைக் கோவைக்கு வரவழைத்து, இந்த வண்டிகளின் ஷோரூம்களில் டெஸ்ட் டிரைவ் கேளுங்கள். விற்பனையாளர் காட்டும் புதுத் தார்ச் சாலையில் வேண்டாம், பள்ளமும் வேகத்தடையும் உள்ள ஒரு தெருவில் ஓட்டச் சொல்லுங்கள். முதல் சுற்றில் நீங்கள் ஸ்டீயரிங்கைத் தொடாமல், பின்சீட்டின் நடுவில், அம்மாவுக்கும் அப்பாவுக்கும் இடையில் உட்காருங்கள்; மனைவி ஓட்டட்டும். அடுத்த சுற்றில்தான் உங்கள் முறை. மகளின் குழந்தை இருக்கையையும் கையோடு எடுத்துப் போங்கள். 14 வயதுக்கு உட்பட்ட குழந்தையைப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் ஏற்றினால் 1,000 ரூபாய் அபராதம் என்று 2019 சட்டத் திருத்தத்திலேயே இருக்கிறது. ஆகவே அந்த இருக்கை எப்படியும் ஐந்தாறு ஆண்டுகளுக்குப் பின்சீட்டில் நிரந்தரமாக இருக்கப் போகிறது. அதை மாட்டிவிட்டு, மீதி இடத்தில் பெரியவர்கள் இருவரையும் உட்காரவைத்துக் கதவைச் சாத்திப் பாருங்கள்.