ஒரே பந்தியில் சாப்பிட்டும் எனக்கு மட்டும் ஏன் பேதி?

கேள்வி: உறவினர் வீட்டு விசேஷத்தில் ஐந்து பேரும் ஒரே பந்தியில்தான் சாப்பிட்டோம். மறுநாள் எனக்கு மட்டும் பேதி. நெஞ்செரிச்சலுக்காக இரண்டு வருடமாகத் தினமும் பான்டோபிரசோல் 40 போடுகிறேன். அதனால் இருக்குமோ?

பதில்: இருக்கலாம். விழுங்கும் கிருமிகளுக்கு முதல் பெரிய தடை இரைப்பை அமிலம்தான். வெறும் வயிற்றில் அதன் பிஎச் அளவு (இது குறையக் குறைய அமிலம் கடுமை) 1.5 முதல் 3 வரை இருக்கும். சால்மோனெல்லா போன்றவை பெரும்பாலும் அங்கேயே செத்துவிடும். உங்கள் மாத்திரை அந்த அளவை நாளில் பல மணி நேரம் 4-க்கு மேல் வைத்திருக்கிறது. எரிச்சல் அடங்குகிறது, காவலும் தளர்கிறது. காலரா கிருமியைத் தன்னார்வலர்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில், சாதாரணமாக நோய் வர 10 கோடி கிருமிகளாவது தேவைப்பட்டன. அமிலத்தை முறிக்கும் சோடா உப்போடு கொடுத்தபோது 10 லட்சமோ அதற்கும் குறைவோ போதுமானதாக இருந்தது.

அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். சட்டென்று விட்டால் சில வாரங்களுக்கு அமிலம் முன்னைவிட அதிகமாகச் சுரக்கும். சாதாரண நெஞ்செரிச்சலுக்கு 4 முதல் 8 வாரம் பெரும்பாலும் போதும். 40-ஐ 20 ஆக்கிப் படிப்படியாகக் குறைக்கலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள். ஆஸ்பிரின் சாப்பிடுபவர்களுக்கும் அல்சரில் ரத்தம் கசிந்தவர்களுக்கும் இந்த மாத்திரை தொடர்ந்து அவசியமாக இருக்கலாம்.

கேள்வி: பேதியை உடனே நிறுத்த மாத்திரை போடலாமா?

பதில்: காய்ச்சலோ மலத்தில் ரத்தமோ இருந்தால் பேதியை நிறுத்தும் லோபரமைடு மாத்திரை கூடவே கூடாது, குழந்தைகளுக்கும் கொடுக்காதீர்கள். அமிலத்தைத் தாண்டி வந்த கிருமியைக் குடல் சளியில் சிக்கவைத்து, அசைந்து அசைந்து வெளியே தள்ளுகிறது. சாப்பிட்டு நாலைந்து மணி நேரத்தில் வயிறு கடமுடவென்று இரைகிறதே, மிச்சம் மீதியைக் குடல் பெருக்கித் தள்ளும்போதும் அந்தச் சத்தம் வரும். குடலின் உள்தோல்கூட 3 முதல் 5 நாளில் உதிர்ந்து புதிதாகிறது, ஒட்டிய கிருமிகளும் அதோடு போகும். அந்த அசைவை மாத்திரையால் அடக்கினால் கிருமி உள்ளேயே தங்கும்.

வீட்டில் மிஞ்சிய ஆன்டிபயாடிக்கையும் தொடாதீர்கள். கெட்ட கிருமிக்கு இடம் கொடுக்காமல் குடலை நிறைத்திருக்கும் நல்ல பாக்டீரியாக்களையும் அது அழித்துவிடும்.

உடனே வேண்டியது ஓஆர்எஸ். நிறைய வீடுகளில் தப்பு நடப்பது இங்கேதான்: 1 லிட்டருக்கான பெரிய பாக்கெட்டை ஒரு டம்ளரில் கரைத்துக் கொடுக்கிறார்கள். உப்பு மிஞ்சிப்போய் குழந்தைக்கு ஆபத்தாகும். பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரை அளந்தே ஊற்றுங்கள். 24 மணி நேரத்துக்குப் பிறகு மீதியைக் கொட்டிவிடுங்கள். ஆறு மாதம் தாண்டிய குழந்தைக்கு, மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, தினம் 20 மி.கி. துத்தநாகம் 14 நாள் கொடுக்கலாம். எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டால் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.