கனடா அங்கீகரித்துவிட்டது, இனி ரமல்லாவுக்குப் போகலாமா?

கேள்வி: நாங்கள் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து ஸ்காபரோவில் குடியிருப்பவர்கள், கனடாக் குடியுரிமை இருக்கிறது. மகள் தன்னோடு வேலை செய்யும் ரமல்லாப் பையனைப் பதிவுத் திருமணம் செய்திருக்கிறாள். மருமகன் பாலஸ்தீனக் கடவுச்சீட்டோடு வேலை அனுமதியில் இருக்கிறார். பேரனுக்கு மூன்று மாதம். கனடா பாலஸ்தீனத்தை அங்கீகரித்துவிட்டதால் இனி எல்லாம் சுலபம், எல்லோருமாகப் போய்ச் சம்பந்தி வீட்டில் விருந்து வைத்துவிட்டு வரலாம் என்கிறார் என் கணவர். பேரனுக்கும் அந்த நாட்டுக் கடவுச்சீட்டு எடுக்கச் சொல்லிச் சம்பந்தி கேட்கிறார். ஆசிரியரான அவருடைய சம்பளம் பாதிதான் வருகிறதாம், அது இனி முழுதாக வருமா? மருமகனைக் கேட்டால் சிரிக்கிறார், ஒன்றும் சொல்கிறார் இல்லை.

பதில்: மருமகன் ஏன் சிரிக்கிறார் என்பதில் இருந்தே தொடங்குகிறேன்.

2025 செப்டெம்பர் 21ஆம் திகதி கனடா, பிரித்தானியா, அவுஸ்திரேலியா, போர்த்துக்கல் ஆகிய நான்கும் பாலஸ்தீனத்தை அரசாக அங்கீகரித்தன. அடுத்த நாள் பிரான்ஸ். ஐ.நா.வின் 193 உறுப்பு நாடுகளில் 150க்கு மேற்பட்டவை இன்று அந்தப் பட்டியலில் இருக்கின்றன. இந்தியா 1988 நவம்பரிலேயே, பாலஸ்தீனத் தலைவர்கள் அல்ஜியர்ஸ் நகரில் தனி அரசைப் பிரகடனம் செய்த சில நாட்களில் அங்கீகரித்துவிட்டது. ஆகவே "அது ஒரு நாடுதானே" என்று உங்கள் கணவர் கேட்டால், கனடாவின் கண்ணில் ஆம், நாடுதான்.

ஆனால் இந்த ஆம் ஓர் அரசு இன்னோர் அரசுக்குச் சொன்னது. எல்லையில் நிற்கும் இஸ்ரேலியச் சிப்பாய்க்கு அது உத்தரவு அல்ல. இந்த வேறுபாடு பிடிபட வேண்டுமானால் தாய்வானைப் பாருங்கள். அதை அங்கீகரிக்கும் நாடுகள் ஏறத்தாழ ஒரு டசின், கனடா அதில் இல்லை. ஆனால் தாய்வான்காரர் விசா இல்லாமலே ரொறன்ரோவில் வந்து இறங்குகிறார். உங்கள் மருமகனின் நாட்டை அந்த டசினைப் போலப் பத்து மடங்குக்கு மேற்பட்ட நாடுகள் ஏற்றிருக்கின்றன. அவரோ தான் பிறந்த ஊருக்குப் போக இஸ்ரேலிய அதிகாரியின் தலையசைப்புக்குக் காத்திருக்க வேண்டும். தாய்வானின் வாசலைத் தாய்வானே காக்கிறது. ரமல்லா இருக்கும் மேற்குக் கரையின் வாசல் அப்படி இல்லை, அதைக் காப்பது இஸ்ரேல்.

கடவுச்சீட்டைப் பொறுத்தவரை செப்டெம்பருக்குப் பின் புதிதாக எதுவும் பெறுமதியாகிவிடவில்லை. ரமல்லாவில் இருந்து நிர்வாகம் நடத்தும் பாலஸ்தீன அதிகாரசபை வழங்கும் கடவுச்சீட்டை ஏற்கத்தக்க பயண ஆவணமாக எங்கள் கனடாக் குடிவரவு விதிகளின் 50ஆவது பிரிவு, அங்கீகாரத்துக்கு முன்பே பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருந்தது. விசா வேண்டும் என்ற விதி அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது.

இனிப் பேரன். நீங்கள் நிதானமாக யோசிக்க வேண்டிய இடம் இதுதான். அவன் கனடாவில் பிறந்தவன் என்றால் கனடாக் குடிமகன், அதில் சந்தேகம் இல்லை. பாலஸ்தீனப் பக்கம் ஒரு குழந்தை "வதிவாளர்" ஆவதற்கு மக்கள்தொகைப் பதிவேட்டில் ஏறி ஓர் அடையாள எண் பெற வேண்டும். விண்ணப்பத்தை வாங்குவது ரமல்லாவில் இருக்கும் உள்துறை அமைச்சு. ஆனால் அந்தப் பதிவேடு இஸ்ரேலின் கையில் இருக்கிறது, அங்கே ஏறாத எண்ணுக்கு எல்லையில் மதிப்பில்லை. இஸ்ரேலும் பாலஸ்தீனத் தரப்பும் செய்துகொண்ட 1995ஆம் ஆண்டு ஒஸ்லோ இடைக்கால உடன்படிக்கையின்படி, பெற்றோரில் ஒருவர் வதிவாளராக இருந்தால் 16 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையை, வெளிநாட்டில் பிறந்திருந்தாலும், பதியலாம். எனவே நாளைக்கே ஓட வேண்டிய அவசரம் இல்லை.

யோசிக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அந்த எண் கிடைத்தால் தகப்பனின் ஊரில் வாழும் உரிமைக்கு ஒரு பிடி கிடைக்கும், அது சின்ன விடயம் அல்ல. அதே எண் கிடைத்த நாளில் இருந்து, கையில் கனடாக் கடவுச்சீட்டு இருந்தாலும், இஸ்ரேல் அவனை மேற்குக் கரைக்காரனாகவே நடத்தும். இஸ்ரேலின் பென் குரியன் விமான நிலையம் விசேட அனுமதி இல்லாமல் அவனுக்குத் திறக்காது. பிறகு வேண்டாம் என்று எண்ணை நீக்குவது மிகக் கஷ்டம். நான் உங்கள் இடத்தில் இருந்தால் மகளையும் மருமகனையும் இருத்திப் பேச வைப்பேன், முடிவை அவர்களிடமே விடுவேன். சம்பந்தியின் ஆசை நியாயமானது. எங்களுக்கும் பிள்ளையின் பெயர் ஊர்ப் பதிவில் இருந்தால் ஒரு திருப்திதானே.

சம்பளம் அங்கீகாரத்தால் கூடாது. அதே இரு தரப்பும் செய்துகொண்ட 1994ஆம் ஆண்டு பாரிஸ் பொருளாதார நெறிமுறைப்படி, பாலஸ்தீனத்துக்குள் போகும் பொருட்களுக்கான சுங்கவரியையும் இன்னும் சில வரிகளையும் இஸ்ரேல் வசூலித்து மாதாமாதம் ரமல்லாவுக்குக் கொடுக்க வேண்டும். அந்தப் பணத்தை அது பிடித்து வைத்துக்கொள்ளும்போது ஆசிரியருக்கும் தாதிக்கும் அரைச் சம்பளம்தான். சொந்த நாணயமும் இல்லை, சந்தையில் ஓடுவது இஸ்ரேலின் ஷெக்கல்.

அப்படியென்றால் அங்கீகாரம் வெறும் காகிதமா என்று கேட்பீர்கள். அப்படியும் நான் சொல்ல மாட்டேன். 2009இல் பாலஸ்தீனம் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தின் கதவைத் தட்டியது. நீ அரசா இல்லையா என்று தீர்மானிப்பது என் வேலை அல்ல என்று 2012 ஏப்ரலில் வழக்குத் தொடுநர் அலுவலகம் சொல்லிவிட்டது. அதே ஆண்டு நவம்பர் 29ஆம் திகதி ஐ.நா. பொதுச்சபை 138க்கு 9 என்ற வாக்கில் அதை "உறுப்பினர் அல்லாத பார்வையாளர் அரசு" ஆக்கியது. அந்த ஒரு சொல் மாறியதால் 2015 ஏப்ரலில் நீதிமன்றத்தில் சேர முடிந்தது. 2024 நவம்பரில் நெதன்யாகுவுக்குப் பிடியாணை வந்ததும் அதே வழியாகத்தான். ஐ.நா.வில் முழு உறுப்புரிமை மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. 2024 ஏப்ரலில் பாதுகாப்புச் சபையில் 12 நாடுகள் ஆதரித்தும் அமெரிக்கா வீட்டோ போட்டது. இந்தக் காகிதம் மெதுவாகத்தான் வேலை செய்யும், அதுவும் நீதிமன்றங்களிலும் தூதரகங்களிலும்.

சரி, விருந்து. மருமகன் போவதானால் யோர்தானின் தலைநகர் அம்மானில் இறங்கி, யோர்தான் ஆற்றின் மேல் இருக்கும் அலன்பி பாலத்தால்தான் போக வேண்டும். அந்தப் பாலம் எப்போது மூடும் என்று சொல்ல முடியாது. கனடா அங்கீகரித்த அதே வாரத்தில்கூட மூடித் திறந்தார்கள். நீங்கள் கனடாக்காரர் என்பதால் இஸ்ரேலுக்கு விசா வேண்டாம், ஆனால் 2025 ஜனவரியில் இருந்து இணையத்தில் முன் அனுமதி எடுக்க வேண்டும். மேற்குக் கரைக்குக் குடும்பத்தைப் பார்க்க வருபவர்களுக்கு 2022 ஒக்டோபர் முதல் தனி இராணுவ விதிகளும் இருக்கின்றன. எங்கே போகிறீர்கள் என்று கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள், சுற்றுலா என்று புழுக வேண்டாம். கனடா அரசின் பயண எச்சரிக்கையையும் புறப்படுமுன் பாருங்கள். "போக வேண்டாம்" என்று போட்டிருக்கும் இடத்துக்குப் பயணக் காப்புறுதி பெரும்பாலும் செல்லாது.

என்னைக் கேட்டால் விருந்தை அம்மானில் வையுங்கள். சம்பந்தி வீட்டார் பாலம் தாண்டி வரலாம், நீங்கள் விமான நிலையத்திலேயே யோர்தான் விசா எடுக்கலாம்.

இதற்கெல்லாம் முன்னால் இன்னொன்று. மருமகனிடம் இருப்பது வேலை அனுமதி. அது கனடாவுக்குள் வேலை செய்யத்தான், வெளியே போனவர் திரும்பி வருவதற்கான விசா அல்ல. கடவுச்சீட்டில் ஒட்டியிருக்கும் விசா காலாவதியாகிவிட்டதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மகள் உள்நாட்டில் இருந்தபடி ஸ்பொன்சர் விண்ணப்பம் போட்டிருந்தால் இன்னும் கவனம் வேண்டும். அவர் வெளியே போய்த் திரும்ப முடியாமல் சிக்கினால் அந்த விண்ணப்பமே ஆட்டம் காணும். இந்த இரண்டு தாள்களையும் ஒரு வழக்கறிஞரிடம் காட்டாமல் விமான ரிக்கற் போட வேண்டாம்.