சில்லும் சோளகமும்: வாசகர் கேள்விகளுக்கு மாஸ்ரரின் பதில்

தூர் து பிரான்ஸ் சைக்கிளோட்டம் பற்றிப் போன இதழில் நாலு வரி எழுதினேன். அதற்கே தபாற்காரர் முறைக்கிற அளவுக்குக் கடிதம் வந்து சேர்ந்திருக்கிறது. ஆகவே கிரிக்கெட் கேள்விகளை இந்தமுறை ஒதுக்கி வைத்துவிட்டேன். கோபிக்க வேண்டாம்.

கே: மகன் பாரிசில், லா சப்பலில் இருக்கிறான். சைக்கிள் றேஸ் வீடியோ ஒன்று அனுப்பினான். மஞ்சள் சட்டை போட்ட பொடியன் கூட்டத்துக்கு நடுவில் நாற்பதாவதோ ஐம்பதாவதோ வந்தான். ஆனால் கைதட்டல் எல்லாம் அவனுக்குத்தான். இது என்ன நியாயம், மாஸ்ரர்?
— பெயர் போட வேண்டாம் என்ற அம்மம்மா, சண்டிலிப்பாய்

ப: அம்மா, அது ஒரு நாளில் முடிகிற ஓட்டம் இல்லை. நாளுக்கு ஒன்றாக 21 கட்டம், இடையில் இரண்டு நாள் ஓய்வு, மொத்தம் மூன்று கிழமைக்கு மேல் இழுக்கும். தூரம் சுமார் 3,400 கிலோமீற்றர். ஒவ்வொருவரும் அன்றன்று எடுத்த நேரத்தைக் கூட்டிக்கொண்டே வருவார்கள். கூட்டுத்தொகை யாருக்குக் குறைவோ, மறுநாள் மஞ்சள் சட்டை அவருக்கு. ஒரே கூட்டமாக வந்து கோட்டைத் தாண்டினால் முதல் ஆளுக்கும் ஐம்பதாவது ஆளுக்கும் ஒரே நேரம்தான் போடுவார்கள். முதல் மூன்று பேருக்கு 10, 6, 4 செக்கன் கழிவு உண்டு. சமதரை நாளில் மஞ்சள் சட்டைக்காரர் அதற்கெல்லாம் ஆசைப்படமாட்டார். கடைசி நூறு மீற்றரில் முட்டுப்பட்டு விழுந்து தோள்மூட்டை உடைத்துக்கொண்டால் ஆருக்கு லாபம்?

அமெரிக்கர் கிரெக் லெமொண்ட் 1990 இல் ஒரு கட்டத்தில்கூட முதலாவதாக வரவில்லை. முழு ஓட்டத்தையும் வென்றவர் அவர்தான். அதற்கு முந்தைய வருடம் அவர் வென்றது வெறும் 8 செக்கனால். கடைசி நாள், ஒவ்வொருவரையும் தனித்தனியாக விட்டு நேரம் பார்க்கிற 24.5 கிலோமீற்றர் ஓட்டம். பிரெஞ்சுக்காரர் லோரோன் பினியோன் 50 செக்கன் முன்னிலையோடு புறப்பட்டு, 58 செக்கனை வழியில் விட்டார். லெமொண்ட் கைகளை முன்னே நீட்டிக் குனிந்திருக்கும் புதுவகை ஹாண்டிலோடு ஓடினார். பினியோன் வெறுந்தலையோடு, கட்டிய குடுமி காற்றில் ஆட ஓடினார். கணக்கு வாத்தியாராக இருந்தவன் என்பதால் எனக்கு அந்தக் கழித்தலில் ஒரு தனி ருசி.

மஞ்சள் ஏன் என்று நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். 1903 இல் இந்த ஓட்டத்தைத் தொடங்கியது 'லோட்டோ' என்ற பத்திரிகை, தன் விற்பனையைக் கூட்டுவதற்காக. அது மஞ்சள் தாளில் அச்சானது. 1919 இல் முன்னணி ஆளுக்கும் அதே நிறத்தில் சட்டை வந்தது. இத்தாலி ஓட்டத்தில் இளஞ்சிவப்புச் சட்டை, அங்கே நடத்திய பத்திரிகையின் தாள் இளஞ்சிவப்பு. எங்கள் இதழ் ஓட்டம் நடத்தினால் பழுப்புச் சட்டைதான். ஆசிரியர் மன்னிக்க.

கே: முன்னால் போகிறவருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு ஓடினால் களைப்புக் குறையும் என்று எழுதினீர்கள். பௌதிகவியல் படிக்கிறேன், அவ்வளவு வித்தியாசம் இருக்கும் என்று நம்ப முடியவில்லை.
— உயர்தர மாணவன், கொக்குவில்

ப: தம்பி, நம்பாமல் இருப்பது நல்ல பழக்கம். சோளகம் வீசுகிற பின்னேரம் ஒரு கூட்டாளியையும் கூட்டிக்கொண்டு பண்ணைப் பாலத்தால் வேலணைப் பக்கம் உழக்கிப் பார். முதலில் நீ முன்னால் போ, பிறகு அவனை முன்னால் விடு. அதுவே செய்முறைப் பரீட்சை.

காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். அதை வெல்லச் செலவழிக்கிற வலு வேகத்தின் மூன்றாம் அடுக்கோடு ஏறும். மணிக்கு 20 கிலோமீற்றரில் போகிறவன் 40 இல் போக நினைத்தால், காற்றுக்கு மட்டும் எட்டு மடங்கு வலுக் கொடுக்க வேண்டும். அந்த வேகத்தில் சமதரையில் உழைப்பின் பெரும்பகுதி காற்றுக்கே போய்விடும். முன்னால் போகிறவரின் பின்சில்லுக்கு ஒரு முழத்துக்குள் உன் முன்சில்லு இருந்தால், செலவில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு மிச்சம். பெருங்கூட்டத்தின் நடுவில் இருப்பவருக்கு இன்னும் சொகுசு.

எதிர்க்காற்றை விடப் பொல்லாதது பக்கக்காற்று. இளவயதில் கழக ஓட்டமொன்றில் பளையைத் தாண்டி ஆனையிறவுப் பக்கம் போனோம். இரண்டு பக்கமும் வெறும் கடல்நீரேரி, வலப்பக்கத்தால் சோளகம். எனக்கு முன்னால் ஓடிய அண்ணையின் சட்டை வலப்பக்கம் விலாவோடு ஒட்டிக் கிடந்தது, இடப்பக்கம் தோணிப்பாய் போல உப்பி நின்றது. அப்படியான காற்றில் நேரே பின்னால் நின்றால் ஒரு மறைப்பும் இல்லை. அவருடைய இடப்பக்கப் பின்மூலையில், என் முன்சில்லு அவருடைய பின்சில்லுக்கு அருகே வருமாறு ஓடவேண்டும். எனக்கு இடப்பக்கப் பின்மூலையில் அடுத்தவர். இப்படி வீதிக்குக் குறுக்கே சரிவாக ஒரு வரிசை உருவாகும். வீதி எத்தனை பேர் அகலமோ அத்தனை பேருக்குத்தான் இடம். அதற்கு அடுத்தவர் இடக்கரையில், மணலோரம், மறைப்பில்லாமல் தனியே உழக்கவேண்டும். அவர் ஒரு சைக்கிள் நீளம் பின்தங்கினால் போச்சு, அவருக்குப் பின்னால் வருகிற எல்லோரும் சேர்ந்து அறுந்துபோவார்கள்.

பெரிய அணிகள் இதை வேண்டுமென்றே செய்யும். காற்று எந்த வளைவில் பக்கவாட்டுக்குத் திரும்பும் என்று வரைபடம் பார்த்து வைத்திருந்து, அந்த இடம் வந்ததும் ஒரேயடியாக வேகத்தைக் கூட்டும். 2013 இல் 13ஆம் கட்டம், மலையே இல்லாத பாதை. மொத்தக் கணக்கில் இரண்டாவதாக இருந்த ஸ்பானியர் வல்வெர்தேயின் சில்லு நேரங்கெட்ட நேரத்தில் பழுதாகி, அன்று மட்டும் அவர் ஏறத்தாழ 10 நிமிடம் இழந்தார். அவ்வருடம் ஓட்டத்தை வென்ற கிறிஸ் புரூமே இன்னொரு ஸ்பானியரான கொன்ரடோரிடம் 69 செக்கன் கொடுத்தார். மலையில்தான் எல்லாம் முடிவாகும் என்று ரிவியில் சொல்கிறவர்கள் காற்றைப் படித்ததில்லை என்பது என் கட்சி.

கே: சாப்பாடு?
— சைக்கிள் ஓடத் தெரியாத ஒருவர், நல்லூர்

ப: மலை நாளில் 5,000 கலோரிக்கு மேல் எரிக்கிறார்கள். ஓடிக்கொண்டே தின்பதில் ஒன்று, சோற்றைக் குழைத்துச் சதுரமாக வெட்டித் தாளில் சுற்றிய கட்டி. ஆக, எங்கள் பக்கத்துச் சாமான்தான். சம்பல் இல்லை, பாவம்.

கே: வழியில் சில்லு காத்துப் போனால் அவர்களும் இறங்கி ஒட்டுப் போடுவார்களா?
— சைக்கிள் கடைக்காரர், சுன்னாகம்

ப: இப்போது இல்லை ஐயா. பின்னால் வருகிற அணிக் காரில் இருந்து ஆள் குதித்து, சில செக்கனில் வேறு சில்லு போட்டு, முதுகில் கைவைத்துத் தள்ளியும் விடுவார். அந்தக் காலத்துக் கதைதான் உங்கள் தொழிலுக்கு ஏற்றது.

1913 இல் ஒஜேன் கிறிஸ்தோப் என்பவர் பிரனீஸ் மலைத்தொடரில் துர்மலே கணவாயில் இருந்து இறங்கும்போது முன்சில்லைத் தாங்குகிற முன்கவை முறிந்துவிட்டது. வெளியார் உதவி பெறக்கூடாது என்பது சட்டம். சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு பத்துக் கிலோமீற்றருக்கு மேல் நடந்து, ஒரு கிராமத்துக் கொல்லன் பட்டறைக்கு வந்தார். கொல்லன் பக்கத்தில் நிற்கலாம், தொடக்கூடாது. ஓட்டத்தின் அதிகாரிகள் நின்று பார்த்துக்கொண்டிருக்க, மனுசன் தானே இரும்பைக் காய்ச்சி, அடித்து, கவையை ஒட்டினார். மணித்தியாலக் கணக்கில் வேலை. இரண்டு கையும் வேலையில் இருந்ததால் துருத்தி ஊத ஒரு சின்னப் பொடியனை விட்டார். அதற்குத் தண்டனையாக 10 நிமிடம் கூட்டினார்கள். பிறகு மனம் இரங்கி 3 நிமிடமாகக் குறைத்தார்களாம். என்ன பெரிய இரக்கம்!

1919 இல் மஞ்சள் சட்டையை முதன்முதலில் போட்டவரும் இதே கிறிஸ்தோப்தான். அந்த வருடம் ஓட்டம் முடிய ஒரு கட்டம் மிஞ்சியிருக்கும்போது மறுபடியும் கவை முறிந்து, சட்டை வேறொருவருக்குப் போயிற்று. கடைசிவரை அவர் தூர் து பிரான்ஸை வெல்லவே இல்லை. கவையை வெல்டிங் பண்ணித் தரச்சொல்லி ஆராவது உங்கள் கடைக்கு வந்தால் இந்தக் கதையைச் சொல்லிவிட்டுப் புதுக்கவை விற்றுவிடுங்கள்.

கே: தண்ணீர்ப் போத்தலைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு வந்து மற்றவர்களுக்குக் கொடுக்கிறார்களே, அந்தப் பொடியன்களுக்கு என்ன கிடைக்கும்?
— ஓர் ஆசிரியை, சாவகச்சேரி

ப: சம்பளம் கிடைக்கும் தங்கச்சி, பரிசுப் பணத்திலும் பங்கு வரும். ஓர் அணியில் எட்டுப் பேர், தலைவர் ஒருவர். காற்றுக்கு முகம் கொடுப்பது, காருக்குப் பின்னே போய்ப் போத்தல் வாங்கி வருவது, தலைவரின் சில்லு பழுதானால் தன்னுடையதைக் கழற்றிக் கொடுப்பது எல்லாம் மற்ற ஏழு பேர் தலையில். 1934 இல் ரெனே வியெத்தோ என்ற இருபது வயதுப் பொடியன், மலையேற்றத்தில் எல்லோரையும் கலக்கிக்கொண்டிருந்தவன், மஞ்சள் சட்டையில் இருந்த அணித்தலைவர் மாஞ்சுக்குத் தன் முன்சில்லைக் கொடுத்துவிட்டு வீதியோர மதிலில் உட்கார்ந்திருந்தான். அடுத்த கட்டத்திலும் மாஞ்சுக்குப் பழுது. முன்னே போயிருந்தவன் திரும்பி மலையேறி வந்து உதவினான். மாஞ் வென்றார், வியெத்தோ ஐந்தாவது. கிறிஸ்தோப்பைப் போல இவரும் கடைசிவரை வெல்லவில்லை. வென்றவரை விட இவரைத்தான் பிரெஞ்சுக்காரர் அதிகம் பேசுகிறார்கள். நானும் அந்தக் கட்சிதான், ஆனால் பேச்சு ஆளுக்குச் சோறு போடாது.

கே: பெண்களுக்கு இல்லையா?
— பாடசாலைக்குச் சைக்கிளில் போகும் மூவர், பருத்தித்துறை

ப: இருக்கிறது பிள்ளைகள். 1984 இல் தொடங்கி, சில வருடத்தில் நின்று, வேறு பெயர்களில் இழுபட்டு, 2022 இல் இருந்து ஒழுங்காக நடக்கிறது. 2024 இல் போலந்தின் காசியா நியெவியதோமா வென்றது 4 செக்கனால். அம்மம்மாவுக்குச் சொன்ன 8 செக்கனில் பாதி! 2025 இல் பிரான்சின் போலின் பெரோன்-பிரெவோ. ஆண்களுக்கு 21 கட்டம், அவர்களுக்கு 9 தான். அந்தக் குறை இன்னும் இருக்கிறது.

கே: ஊக்கமருந்துக் கள்ளர் பற்றி ஏன் எழுதவில்லை?
— உண்மை விளம்பி, மானிப்பாய்

ப: எழுதுகிறேன். லான்ஸ் ஆம்ஸ்ட்ரோங், 1999 முதல் 2005 வரை ஏழு முறை வென்றார், 2012 இல் ஏழையும் பறித்தார்கள். பட்டியலில் அந்த இடங்கள் இன்றும் வெறுமையாக இருக்கின்றன. இரண்டாவதாக வந்தவர்களுக்குத் தூக்கிக் கொடுக்காததற்குக் காரணத்தை உங்கள் புனைபெயரே ஊகிக்கும்.

கே: மலையில்லாத யாழ்ப்பாணத்துப் பொடியன் அங்கே போய் என்ன செய்வான்?
— அவநம்பிக்கை, அச்சுவேலி

ப: நெதர்லாந்தில் எத்தனை மலை? அல்ப் துயெஸ் என்ற 21 கொண்டை வளைவுள்ள ஏற்றத்தில் நடந்த முதல் 14 முடிவுகளில் எட்டை டச்சுக்காரர் வென்றார்கள். எங்களுக்குத் தேவை மலை இல்லை. நல்ல சைக்கிள், பயிற்றுநர், பின்னேரம் மாடு குறுக்கே வராத ஒரு வீதி. மூன்றாவதுதான் கஷ்டம்.

கே: அடுத்த வருடம் மகளிடம் பிரான்சுக்குப் போகிறேன். எங்கே நின்று பார்த்தால் நல்லது?
— ஓய்வுபெற்ற தாதி, கோண்டாவில்

ப: சமதரையில் நிற்காதீர்கள் அக்கா. மூக்குக்கண்ணாடியைத் துடைத்து முடிக்கமுன் கூட்டம் போய்விடும். ஏற்றத்தில் நின்றால் மெதுவாக, ஒவ்வொருவராக வருவார்கள், முகம் பார்க்கலாம். பாரிசைவிட்டு வெளியே போக முடியாதென்றால் மொன்மார்த்ர் ஏற்றம் உண்டு, 2025 இல் கடைசிக் கட்டத்தை அந்த வழியால்தான் விட்டார்கள். லா சப்பலில் இருந்து நடக்கிற தூரம். வருடா வருடம் பாதை மாறும், போகமுன் கேட்டுக்கொள்ளுங்கள். வீதியோரம் நிற்க ரிக்கெற் இல்லை. ஓட்டக்காரர் வருவதற்கு நெடுநேரம் முன்பே விளம்பர வண்டிகள் வரும், தொப்பி, சாவிக்கோவை, இனிப்பு என்று கூட்டத்துக்குள் எறிவார்கள். தொப்பி இரண்டு அகப்பட்டால் ஒன்று இந்தப் பக்கத்துக்கு.