குழாய் போட்டும் நுரையீரல் விரியவில்லை என்றால்

உசிலம்பட்டி நண்பருக்கு: அப்பாவுக்குக் காசநோய், நெஞ்சில் சீழ், குழாய் போட்டு மூன்று வாரம் ஆகிறது, இப்போது ஆபரேஷன் என்கிறார்கள், 62 வயதில் தாங்குமா என்று கேட்டிருந்தீர்கள்.

என் மாமாவுக்கும் இதே கதைதான். சீழ் நாள்பட்டால் நுரையீரல் மேல் ஆரஞ்சுத் தோல் போலத் தடித்த படலம் படிந்துவிடும். குழாய் சீழை இறக்கும், படலத்தை உரிக்காது. அதற்குள் சிக்கிய நுரையீரல் எப்படி விரியும்? அந்தப் படலத்தை உரித்தெடுப்பதுதான் டீகார்டிகேஷன். நுரையீரலையே வெட்டி எடுக்கப்போகிறார்கள் என்று பயந்து நாங்கள் பத்து நாளை வீணாக்கினோம். வயதைவிட இதயம், சர்க்கரை, உடம்பின் தெம்பு, மறுபக்க நுரையீரல் இவற்றைத்தான் முக்கியமாகப் பார்ப்பார்கள். முட்டை, பருப்பு கொடுத்துத் தேற்றுங்கள். பீடி இருந்தால் இன்றோடு சரி. காசநோய் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

சந்தேகம் தீராவிட்டால் சி.டி. ஸ்கேனோடு மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனையில் நெஞ்சக அறுவை மருத்துவரிடம் காட்டுங்கள். முதல்வர் காப்பீட்டு அட்டையையும் எடுத்துப் போங்கள்.

அப்புறம், குழாயின் மறுமுனை போய்ச் சேரும் தண்ணீர் பாட்டில் எப்போதும் நெஞ்சுக்குக் கீழேயே, சாயாமல் இருக்கட்டும். காரில் ஏற்றும்போது என் மைத்துனன் அதைத் தோளுக்கு மேல் தூக்கிவிட்டான், தண்ணீர் விறுவிறுவென்று குழாயில் ஏறியது. நர்ஸம்மா ஓடிவந்து பாட்டிலை அவன் கையிலிருந்து பிடுங்கினார்.