மாற்றியது 3 வரி, டிஃப்பில் 400 வரியா?

வணக்கம். 3 வரி மட்டும் திருத்தியும் புல் ரிக்வெஸ்டில் (உங்கள் மாற்றத்தைத் திட்டத்தில் சேர்க்கக் கேட்கும் கோரிக்கை) டிஃப், அதாவது பழையதற்கும் புதியதற்கும் உள்ள வேறுபாட்டுப் பட்டியல், கோப்பு முழுவதும் மாறியதாகக் காட்டுகிறது, திட்டத்தின் பராமரிப்பாளரும் அதை மூடிவிட்டார் என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் விண்டோஸில் வேலை செய்வதாகச் சொல்வதால், ஒவ்வொரு வரியின் கடைசியிலும் மறைந்திருக்கும் வரி முடிவுக் குறியீடுதான் காரணமாக இருக்கும். லினக்ஸில் வரி எல்எஃப் குறியோடு முடியும். விண்டோஸ் எடிட்டர்கள் சில அதை சிஆர்எல்எஃப் என்ற இரட்டைக் குறியாக ஆக்கிவிடும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் மாற்றங்களைப் பதிவு செய்யும் கருவியான கிட்டுக்கு ஒவ்வொரு வரியும் புதுசு.

முதலில் 'கிட் டிஃப்' கட்டளையோடு மைனஸ் டபிள்யூ (இடைவெளி, வரி முடிவு வேறுபாடுகளைக் கணக்கில் எடுக்காத தெரிவு) சேர்த்து, மெயின் கிளையோடு ஒப்பிடுங்கள். 3 வரிதான் வந்தால் மற்றவை வரி முடிவு அல்லது இடைவெளி மாற்றங்கள்தான். அப்புறம் வரி முடிவைத் தானாக மாற்றும் கோர்.ஆட்டோசிஆர்எல்எஃப் அமைப்பை 'ட்ரூ' ஆக்கி, அந்தக் கோப்பை மட்டும் ரீநார்மலைஸ் தெரிவோடு (வரி முடிவுகளை மறுபடி சீராக்கும்) 'கிட் ஆட்' செய்து கமிட் போடுங்கள், அதாவது மாற்றத்தைப் பதிவு செய்யுங்கள். டிஃப் சுருங்காவிட்டால் எடிட்டரில் கோப்பைத் தானாகவே மாற்றி அடுக்கும் ஃபார்மேட்டர் குற்றவாளியாக இருக்கலாம், அதை அணைத்துவிட்டு, அது செய்த மாற்றங்களையும் நீக்குங்கள்.

ஒரு எச்சரிக்கை (நான் பட்டுத் தெரிந்துகொண்டது): கிட்ஹப்பில் ரிக்வெஸ்ட் மூடிய நிலையில் ஃபோர்ஸ் புஷ் (பழைய கமிட்டுகளை அழித்து எழுதும் பதிவேற்றம்) செய்தால் அதே ரிக்வெஸ்டை மறுபடி திறக்க முடியாது. அதனால் கமிட்டுகளை ஒன்றாக்கும் ஆசையைக் கொஞ்சம் தள்ளிவைத்து, சாதாரண புஷ் செய்யுங்கள். பிறகு, "வரி முடிவுப் பிரச்சினை, சரிசெய்துவிட்டேன், திறக்க முடியுமா?" என்று அங்கேயே கேளுங்கள். மூடினாரே என்று வருத்தப்படாதீர்கள், 400 வரி டிஃப்பை யாராலும் படிக்க முடியாது.