மீட்டர் ஐயா பதில்கள்: கான்வாய் போகட்டும்

கோலாலம்பூரில் 34 வருடம் டாக்சி ஓட்டிவிட்டு இப்போது செந்தூலில் ஓய்வாக இருக்கும் மீட்டர் ஐயா, வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் பகுதி. இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை 2025 அக்டோபர் 26 முதல் 28 வரை கேஎல்சிசியில் (இரட்டைக் கோபுரம் இருக்கும் நகர மையம்) நடந்த ஆசியான், அதாவது தென்கிழக்கு ஆசிய நாடுகள் கூட்டமைப்பின், உச்சநிலை மாநாட்டையும், அதற்காக மூடிய சாலைகளையும் பற்றியவை.

வாசகி, செத்தியாவங்சா: சாலைகளைக் "கட்டங்கட்டமாக" மூடுவோம் என்று அறிவித்தார்கள். திங்கட்கிழமை ஒரு மணி நேரம் முன்னாடியே கிளம்பியும் ஜாலான் துன் ரசாக்கில் 50 நிமிடம் நின்றேன். எதிரே ஒரு வண்டிகூட வரவில்லை. யாருக்காக நின்றேன் என்றே தெரியவில்லை. கட்டங்கட்டமாக என்றால் என்ன ஐயா?

நாள் முழுக்க மூடமாட்டோம், ஆனால் எப்போது மூடுவோம் என்று உங்களிடம் சொல்லவும் மாட்டோம் என்று அர்த்தம் அம்மா. நேரத்தைச் சொன்னால் பாதுகாப்பு போச்சு. அது அவர்கள் பக்கத்து நியாயம்.

தலைவர் போகும் வண்டி சிவப்பு விளக்கில் நிற்கக் கூடாது. நின்ற வண்டியைத்தான் குறி வைப்பது சுலபம். அதனால் மோட்டார் போலிஸ் முன்னால் பறந்து வந்து ஒரு சந்திப்பை அடைப்பார்கள். கான்வாய், அதாவது தலைவரின் வண்டி வரிசை, கடந்ததும், அங்கே நின்றவர் பின்னாலிருந்து வேகமாக வந்து எல்லோரையும் முந்திக்கொண்டு அடுத்த சந்திப்புக்குப் போவார். பச்சைக் குதிரை தாண்டுவது மாதிரி. கான்வாய் உங்களைத் தாண்டுவதற்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது.

அப்புறம் ஏன் 50 நிமிடம்? ஒருவர் போகவில்லை, அதனால்தான். பத்துத் தலைவர்கள், ஆளுக்கு ஒரு நாளைக்கு நான்கு பயணம் என்று வையுங்கள். ஹோட்டலிலிருந்து கேஎல்சிசி, திரும்ப ஹோட்டல், ராத்திரி விருந்து, திரும்ப ஹோட்டல். நாற்பது கான்வாய் ஆகிவிட்டது. ஒன்று போய் அடுத்தது வர ஐந்து நிமிடம்தான் இருக்கிறது என்றால் திறந்து மறுபடி மூட மாட்டார்கள், அப்படியே பிடித்து வைத்துவிடுவார்கள். நீங்கள் பார்த்த காலிச் சாலை அந்த இடைவெளிதான். அதிலும் கேஎல்சிசி எழுந்த இடம் ஒரு காலத்தில் குதிரைப் பந்தயத் திடல். ஜாலான் அம்பாங், ஜாலான் துன் ரசாக், ஜாலான் சுல்தான் இஸ்மாயில் எல்லாம் அதைச் சுற்றித்தான் ஓடுகின்றன. நடுவில் முடிச்சுப் போட்டால் நாலா பக்கமும் இறுகும்.

வாசகர், அம்பாங்: சென்ற இதழில் "காடியை (காரை) வீட்டில் போட்டுவிட்டு ரயிலில் போங்கள், ஒன்றும் ஆகாது" என்று எழுதினீர்கள். என் அம்மாவுக்கு 74 வயது, முழங்கால் மடக்க முடியாது. ரயில் நிலையத்திலிருந்து கிளினிக் வரை யார் தூக்கிக்கொண்டு போவது? எழுதுவதற்கு முன் யோசிக்க மாட்டீர்களா?

யோசிக்கவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள் தம்பி. அதை எழுதியபோது எனக்கு ஆபீஸ் போகிறவர்கள் மட்டும்தான் ஞாபகத்தில் இருந்தார்கள். ஆண்டவன் உடனே பாடம் நடத்திவிட்டான்.

என் மனைவிக்கு மூன்று வருடமாக டயாலிசிஸ். திங்கள், புதன், வெள்ளி, ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம். நிலையம் ஜாலான் அம்பாங் பக்கம். செந்தூலில் அப்போது இடம் கிடைக்கவில்லை, கிடைத்த இடத்தில் சேர்த்துவிட்டோம். அக்டோபர் 27 திங்கட்கிழமை. தீபாவளி முடிந்து சரியாக ஒரு வாரம். பண்டிகைக்கு வந்தவர்கள் எல்லாம் "ஒரு வாய், ஒரு வாய்" என்று பாயசம் கொடுத்து, அவள் கால் ஏற்கெனவே வீங்கியிருந்தது. ஒரு நாள் தள்ளிப்போட்டால் மூச்சு வாங்கும். முதல் நாளே நிலையத்துக்கு போன் போட்டேன். "முடிந்தால் சீக்கிரம் வந்துவிடுங்கள் அங்கிள்" என்றார்கள். அவர்களால் வேறு என்ன சொல்ல முடியும்?

காலை ஐந்து மணிக்குக் கிளம்பினோம். 34 வருடம் இந்த ஊரில் சந்து பொந்தெல்லாம் ஓட்டியவன் என்ற திமிர் வேறு. கம்போங் பாரு வழியாகப் புகுந்து வெளியே வந்துவிடலாம் என்று கணக்கு. போகும்போது கணக்கு பலித்தது. ஆறு மணிக்கே போய்ச் சேர்ந்துவிட்டு, பூட்டிய கதவுக்கு முன்னால் காடியில் உட்கார்ந்து ரொட்டி தின்றோம்.

மாட்டிக்கொண்டது திரும்பும்போது. டயாலிசிஸ் முடிந்தால் அவளுக்குத் தலை சுற்றும், ரத்த அழுத்தம் இறங்கும், உடனே படுக்க வேண்டும். சந்திப்பில் தடுப்பு. இறங்கிப் போய்ச் சொன்னேன். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது மலாய்ப் பையன், முகமெல்லாம் வெயில். "சாபார், பாக்சிக்" என்றான். பொறுமையாக இருங்கள் பெரியவரே என்கிறான். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. கையைப் பிடித்துக் காடியருகே கூட்டிப்போய்க் காட்டினேன். அவள் கையில் கட்டுப் போட்டிருப்பதைப் பார்த்தான். வாக்கி டாக்கியில் யாரிடமோ பேசினான், அந்தப் பக்கம் முடியாது என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். தடுப்பைத் திறக்க அவனுக்கு அதிகாரம் இல்லை. ஆனால் பின்னால் நின்ற ஆறேழு வண்டிகளைக் கை காட்டி ஒதுக்கி, நான் ரிவர்ஸ் எடுத்து நிழலில் நிறுத்த இடம் பண்ணிக் கொடுத்தான். 40 நிமிடம் நின்றோம். அவள் சீட்டைச் சாய்த்துத் தூங்கிவிட்டாள்.

நோயாளிகளுக்கு வழியே விடவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். சைரன் போட்ட ஆம்புலன்சுக்கு விட்டதைப் பார்த்தேன். சைரன் இல்லாத நோயாளிதான் பிரச்சினை. டயாலிசிஸ் அட்டையோ கீமோ அட்டையோ வைத்திருப்பவருக்கு முன்கூட்டியே ஒரு ஸ்டிக்கர் கொடுத்து, எந்தச் சந்திப்பில் எப்போது விடலாம் என்று சொல்ல ஒரே ஒரு தொலைபேசி எண் வைத்தால் போதும். தலைவருக்குச் செய்கிற ஏற்பாட்டில் நூறில் ஒரு பங்கு வேலைகூட இல்லை அது.

வாசகி, பிரிக்பீல்ட்ஸ்: பூக்கடை வைத்திருக்கிறேன். கந்த சஷ்டி நேரம், சூரசம்ஹாரம் அதே திங்கட்கிழமை. தூரத்து வாடிக்கையாளர்கள் ஜாமுக்குப் பயந்து வரவில்லை, மல்லி மிஞ்சிவிட்டது. "நாட்டுக்குப் பெருமைம்மா, விடு" என்கிறான் மகன். நீங்கள் யார் பக்கம்?

மகன் சொல்வது பொய் இல்லை. திமோர் லெஸ்தே 11-வது உறுப்பு நாடாகச் சேர்ந்தது இந்த மாநாட்டில்தான். ஜூலையில் எல்லையில் குண்டு போட்டுக்கொண்ட தாய்லாந்தும் கம்போடியாவும் நம் ஊரில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டன. கையெழுத்து நிற்குமா என்பது அவர்கள் பாடு. நம் வீட்டுத் திண்ணையில் பக்கத்து வீட்டுச் சண்டையைப் பேசித் தீர்க்க இடம் கொடுத்தோம் என்றால் எனக்கும் பெருமைதான்.

ஆனால் பெருமை ஊருக்கு, நட்டம் உங்களுக்கு மட்டும் என்றால் எப்படி? மாதச் சம்பளக்காரர்களில் பலருக்கு வீட்டிலிருந்தே வேலை, சம்பளம் குறையவில்லை. மல்லிக்கு வீட்டிலிருந்தே வேலை கிடையாது, மறுநாள் பழுத்துவிடும். கிராப் ஆப்பில் வாடகைக் கார் ஓட்டுகிற என் மருமகனுக்கும் அதே கதை. நின்ற நேரத்துக்கு யாரும் காசு கொடுக்கவில்லை. என் காலத்திலாவது மீட்டர் இருந்தது, நின்றாலும் கொஞ்சம் ஓடும். 2014-ல் ஒபாமா வந்தபோது விமான நிலையம் போக வேண்டிய ஒரு ஜப்பான்காரர் என் டாக்சியில் மாட்டிக்கொண்டு, சாலையைப் பார்க்காமல் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். பாவமாக இருந்தது, அணைத்துவிட்டேன். அன்றைக்கு நட்டம் எனக்கு.

சிறு கடைக்காரர்களுக்கு அந்த மூன்று நாள் லைசென்ஸ் காசையாவது கழித்துக் கொடுக்கலாம். நான் உங்கள் பக்கம்தான் அம்மா. மகனிடம் சொல்லிவிடாதீர்கள்.

வாசகர், கிள்ளான்: அமெரிக்க அதிபர்கள் எத்தனை பேர் மலேசியா வந்திருக்கிறார்கள்?

பதவியில் இருக்கும்போது வந்தவர்கள் மூன்று பேர். 1966-ல் ஜான்சன். நெகிரி செம்பிலானில் அவர் போன பெல்டா (அரசின் நிலக் குடியேற்றத் திட்டம்) குடியேற்றத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள். 2014-லும் 2015-லும் ஒபாமா. இப்போது டிரம்ப்.

வாசகி, பெட்டாலிங் ஜெயா: கேஎல்ஐஏ விமான நிலையத்தில் டிரம்ப் ஆடினாரே, பார்த்தீர்களா?

பார்த்தேன். என் மனைவியும் பார்த்துவிட்டு, "இவருக்கு முட்டி நல்லா இருக்கு" என்றாள்.

வாசகர், கெப்போங்: இவ்வளவு துப்பாக்கி, இவ்வளவு தடுப்பு. தலைவர்களுக்கு நம்மைக் கண்டு பயமா?

பயம் நம்மைக் கண்டு மட்டும் இல்லை தம்பி. 2015 நவம்பரில் இதே ஊரில் ஆசியான் மாநாடு நடந்தபோது, பாரிஸ் தாக்குதல் நடந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. அப்போது ஹோட்டல் வாசலில் பயணியை இறக்கினால் என் டாக்சியின் பின்பக்க டிக்கியைத் திறந்து பார்ப்பார்கள். எனக்குக் கோபம் வரவில்லை.

1998-ல் இங்கே நடந்த ஏபெக் (ஆசிய-பசிபிக் பொருளாதாரக் கூட்டமைப்பு) மாநாடு வேறு மாதிரி. அப்போது ஊரே சீர்திருத்தப் போராட்டத்தில் கொதித்துக்கொண்டிருந்தது, காவல் பாதி விருந்தாளிக்கு, பாதி உள்ளூர்க்காரனுக்கு. அன்று சிறையில் இருந்துகொண்டு வழக்கை எதிர்கொண்ட அன்வார்தான் இன்று பிரதமராக நின்று விருந்தாளிகளை வரவேற்றார். டாக்சி ஓட்டினால் இப்படிப்பட்ட யூ டர்ன் நிறையப் பார்க்கலாம். இந்தத் தடவையும் டிரம்ப் வருகையை எதிர்த்து டத்தாரான் மெர்டேக்காவில் கூடினார்கள். கூடட்டும். கான்வாய்க்கு ஒரு வழி இருந்தால் கோஷத்துக்கும் ஒரு திடல் வேண்டும்.

வாசகி, செந்தூல்: அடுத்து எப்போது நம் ஊரில்?

ஆசியான் தலைமைப் பொறுப்பு நாடுகளின் ஆங்கிலப் பெயர் வரிசைப்படி சுற்றி வரும். 2005, 2015, 2025 என்று பத்து வருடத்துக்கு ஒரு தடவை நமக்கு வந்தது. 2026-ல் பிலிப்பைன்ஸ். இப்போது ஒரு நாடு கூடிவிட்டதால் நமக்கு இன்னும் கொஞ்சம் தள்ளிப் போகலாம். எனக்கு அப்போது எண்பதை நெருங்கியிருக்கும். போன வாரம் செந்தூலிலேயே டயாலிசிஸ் இடம் ஒன்று காலியாகிறது என்று தகவல் வந்தது, வியாழக்கிழமை போய்ப் பார்க்கிறோம். வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம்.